புத்தூர்ப் பெட்டகமும் யாழ்ப்பாணத் தளபதியும்

ஒரு வங்கிக் கிளையிலிருந்து

1976 மார்ச் 5ஆம் திகதி புத்தூர் மக்கள் வங்கிக் கிளைக்குள் ஆயுதங்களோடு நுழைந்த சில இளைஞர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ரூபா பணத்தையும் இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான நகைகளையும் எடுத்துச் சென்றார்கள். புதிய தமிழ்ப் புலிகள் என்ற சிறு குழு அது. அதற்குத் தலைமை தாங்கிய பிரபாகரனுக்கு அப்போது 21 வயது. இரண்டு மாதம் கழித்து, மே 5இல், அந்தக் குழு தமிழீழ விடுதலைப் புலிகள் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அடுத்த ஒன்பதாம் நாள் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது.

இயக்க வரலாறுகளில் புத்தூர் பெரும்பாலும் ஒரு வரியாக, ஆரம்பகால நிதி எங்கிருந்து வந்தது என்பதற்கான விடையாக, வந்துபோகிறது. அந்த வரியில் சற்றுத் தங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வலிகாமம் கிழக்கின் ஒரு தோட்டக்கார ஊரில், 1976இல், அவ்வளவு பணம் எப்படி வந்து சேர்ந்தது? 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ அரசு வெங்காயம், மிளகாய் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதனால் யாழ்ப்பாணச் செம்மண் விவசாயி முன்பு காணாத விலையைக் கண்டான். புத்தூர், நீர்வேலி, கோப்பாய்த் தோட்டங்களின் வியர்வை வங்கி இருப்பாக மாறிய காலம் அது. நகைகளைப் பற்றி ஊகிப்பதும் கடினமல்ல. மக்கள் வங்கியின் அலுவல்களில் அடகுபிடித்தலும் ஒன்று. கிராமக் கிளையின் பெட்டகத்தில் கிடக்கும் தங்கம் அரசினுடையதாக இருக்க வாய்ப்பில்லை. அது யாரோ ஒருத்தியின் தாலிக்கொடியாகவோ காப்பாகவோதான் இருந்திருக்கும்.

அரசின் சொத்தைப் பறிப்பதாகச் சொல்லி எடுக்கப்பட்டதில் மக்களுடையது எவ்வளவு என்று அன்று யாரும் கேட்டதாகப் பதிவில்லை. பத்து ஆண்டுகளில் இதே குடாநாட்டில் இதே இயக்கம் காவலரண் போட்டது, வரி வாங்கியது, வழக்குத் தீர்த்தது. அந்த ஆட்சியின் முகமாக இருந்தவர் யாழ்ப்பாணப் பிராந்தியத் தளபதி கிட்டு என்ற சதாசிவம் கிருஷ்ணகுமார். 1985 தொடக்கம் 1987 மார்ச் வரை அவர் கையில் இருந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, எதற்குக் கட்டுப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மூன்று வாசிப்புகள்

கிட்டுவைப் பற்றி எழுதப்பட்டவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது இயக்கத்தின் நினைவு இலக்கியம். அதில் அவர் இராணுவத்தை முகாம்களுக்குள் முடக்கிய வீரர், மக்களோடு மக்களாகத் திரிந்த கேணல் கிட்டு. இரண்டாவது இந்தியப் பத்திரிகையாளர்களின் வாசிப்பு. நாராயண் சுவாமியின் நூல் இவ்வகையில் முதன்மையானது. சம்பவங்களையும் ஆட்களையும் அது கவனமாக அடுக்குகிறது. ஆனால் கொழும்பு, சென்னை, டில்லி என்ற முக்கோணத்திலேயே அதன் கண் பதிந்திருப்பதால், ஊர்கள் அதில் வெறும் இடப்பெயர்களாக நின்றுவிடுகின்றன. மூன்றாவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்நூலில் கிட்டு ஓர் அறிகுறியாக வருகிறார். கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கைவிட்ட ஒரு சமூகமும், பதில் சொல்லும் கடமையை ஏற்காத ஓர் இயக்கமும் சந்தித்த இடத்தில் அவர் நிற்கிறார்.

என் சாய்வு மூன்றாவது வாசிப்பின் பக்கம். ஆயினும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். கிட்டுவுக்கு இருந்த செல்வாக்கை வெறும் பயம் என்று சுருக்குவது சரியல்ல. அந்தக் காலத்தைக் கண்டவர்களிடம் இன்று பேச்சுக் கொடுத்தாலும் அவருடைய குரங்குக் குட்டி, இடுப்பில் தொங்கிய மக்னம் கைத்துப்பாக்கி, காரில் வந்து சந்தியில் நின்று கதைக்கும் விதம் என்று நினைவுகள் வந்துகொண்டேயிருக்கும். அந்த ஈர்ப்பு மெய்யானது. அது சம்மதமாகுமா என்பதுதான் பிரச்சினை.

பிரதிநிதி இல்லாத தொகுதி

புத்தூர் கோப்பாய்த் தேர்தல் தொகுதிக்குள் அடங்கும். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான கதிரவேற்பிள்ளை 1981இல் காலமானார். அவர் இடத்துக்கு வந்தவர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் ஆலாலசுந்தரம். 1983 கலவரத்தின் பின் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்யச் சொன்னது. மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். ஆக, கோப்பாய் மக்களின் வாக்கை முதலில் செல்லாததாக்கியது இலங்கை அரசின் சட்டம்.

இரண்டாவது அடி உள்ளிருந்து வந்தது. 1985 செப்டம்பர் 2இல் ஆலாலசுந்தரமும் மானிப்பாய் முன்னாள் உறுப்பினர் தர்மலிங்கமும் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இதைச் செய்தது ரெலோ என்ற இன்னோர் ஆயுத இயக்கம் என்பதே பரவலான கருத்து, புலிகள் அல்ல. ஆனாலும் அதன் விளைவை ஆயுதம் வைத்திருந்த எல்லா இயக்கங்களும் பகிர்ந்துகொண்டன. தேர்தலில் தெரிவான ஒருவர் திரும்பி வந்து ‘நான் உங்கள் பிரதிநிதி’ என்று சொல்லக்கூடிய இடமே இல்லாமல் போனது. கிட்டுவின் பதவி இந்த வெற்றிடத்தில்தான் வளர்ந்தது. அரசு காலியாக்கிய நாற்காலியில் தளபதி உட்கார்ந்தார் என்று சொன்னால் பாதி உண்மை. நாற்காலியையே எடுத்துவிட்டு, நின்றபடி ஆண்டார் என்பது மீதிப் பாதி.

பதவி வந்த விதம்

கிட்டு 1960 ஜனவரி 2இல் வல்வெட்டித்துறையில் பிறந்தவர். புத்தூர் வங்கிச் சம்பவத்தின்போது 16 வயதுப் பையன். எழுபதுகளின் இறுதியில் இயக்கத்தில் சேர்ந்து, இந்தியாவில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவருக்கு முன் யாழ்ப்பாணப் பொறுப்பில் இருந்தவர் பண்டிதர். 1985 ஜனவரி 9இல் அச்சுவேலியில் இராணுவச் சுற்றிவளைப்பில் பண்டிதர் இறந்தார். புத்தூரிலிருந்து ஆவரங்கால் தாண்டினால் அச்சுவேலி. பதவி இப்படித்தான் கைமாறியது: இருந்தவர் சாக, அடுத்தவர் ஏற்றார். தெரிவும் இல்லை, தவணையும் இல்லை.

அவர் பொறுப்பேற்ற சில மாதங்களில், 1985 ஏப்ரல் 10இல், யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. யூன் மாதம் போர்நிறுத்தம் வந்தது. திம்புவில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்க, இங்கே கோட்டையையும் பலாலியையும் சுற்றிப் பெடியளின் சென்றிகள் முளைத்தன. வீதிகளில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. பேச்சு முறிந்து இராணுவம் வெளியே வர முயன்றபோது வழி அடைபட்டிருந்தது. இதை ஒரு தனிமனிதரின் சாதனையாக எழுதுவது நினைவு இலக்கியத்தின் வழக்கம். ஆனால் அந்தக் காவலரண்களில் ரெலோ, ஈபிஆர்எல்எவ், ஈரோஸ் பெடியளும் நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது. 1985 ஏப்ரலில் புலிகளையும் சேர்த்து இந்த நான்கு இயக்கங்களும் ஒரே முன்னணியில் இருந்தன. இராணுவம் முடங்கியது நான்கு இயக்கங்களுக்கும் கிடைத்த பலன். அந்த வெளியை ஓர் இயக்கம் முழுதாக எடுத்துக்கொண்ட கதை அடுத்த ஆண்டில் வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1983இன் பின் 1987 ஜனவரி வரை பிரபாகரன் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்தார். வன்னியில் மாத்தையா, மன்னாரில் விக்ரர், கிழக்கில் புலேந்திரன், குமரப்பா என்று தளபதிகள் களத்தில் நின்றார்கள். தலைவர் கடலுக்கு அப்பால். தளபதி கைக்கெட்டிய தூரத்தில். பத்திரிகையாளர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தால் கிட்டுவைச் சந்தித்தார்கள். கோட்டையிலிருந்த இராணுவக் கப்டன் கொத்தலாவலையோடு பேசியவரும் அவர்தான். மன்னார் அடம்பனில் 1986 ஒக்டோபர் 12இல் நடந்த சண்டையில் விக்ரர் இறந்தார், இரண்டு சிப்பாய்கள் பிடிபட்டார்கள். அந்தச் சிப்பாய்களை அவ்வாண்டு டிசம்பரில் கொடுத்து, சிறையிலிருந்த புலிகளின் அருணாவை மீட்ட கைதிப் பரிமாற்றம் கிட்டுவின் பெயரை உலகச் செய்தியாக்கியது. அரசு ஒன்று தன் அதிகாரியை அனுப்பிக் கைகுலுக்க வைத்தால், எதிரே நிற்பவரும் அரை அரசாகிவிடுகிறார்.

பிராந்தியத் தளபதி என்ற இந்த ஏற்பாடு ஈழத்துக்கு மட்டும் உரியதல்ல. அல்ஜீரிய விடுதலை முன்னணி நாட்டை ஆறு வில்லாயாக்களாகப் பிரித்தது. ஒவ்வொன்றிலும் தளபதியே வரி, நீதிமன்றம், தண்டனை எல்லாம். அதைப் பார்த்து 1965இல் வலயங்களை அமைத்த எரித்திரிய விடுதலை முன்னணியில், வலயத் தளபதிகள் தங்கள் தங்கள் பகுதிகளின் சிற்றரசர்களானார்கள். பிளவு அங்கிருந்தே தொடங்கியது. புலிகள் இயக்கம் இந்த ஆபத்திலிருந்து 2004 வரை தப்பியது. எப்படித் தப்பியது என்பதற்கு கிட்டுவின் கதையில் ஒரு விடை இருக்கிறது.

கொள்ளைக்காரர் என்ற குற்றச்சாட்டு

1986 ஏப்ரல் 29இல் ரெலோ மீதான தாக்குதல் தொடங்கியது. மே 6இல் அதன் தலைவர் சிறீசபாரத்தினம் கோண்டாவிலில் கொல்லப்பட்டார். இடைப்பட்ட எட்டு நாட்களில் இறந்தவர் தொகை நூற்றுக்கணக்கில் என்பதில் மூன்று வகை எழுத்துகளும் அதிகம் முரண்படவில்லை. கொல்லப்பட்டவர்களின் உடல்கள் தெருச்சந்திகளில் எரிக்கப்பட்டதை ‘முறிந்த பனை’ பதிவுசெய்கிறது. கிழக்கிலிருந்து வந்திருந்த பையன்கள் பலர் ஊரே தெரியாமல் ஓடி ஒளிந்து அகப்பட்டார்கள். இதை நடத்திய படை கிட்டுவின் கட்டளையில் இருந்தது.

புலிகள் சொன்ன காரணங்களில் ஒன்று, ரெலோ மக்களைக் கொள்ளையடித்தது என்பது. இந்த இடத்தில் புத்தூர் வழியாகப் போகும் பருத்தித்துறை வீதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1976இல் புத்தூர். அதே வீதியில் சில கிலோமீற்றர் தெற்கே, 1981 மார்ச் 25இல், நீர்வேலியில் மக்கள் வங்கி வாகனத்தை மறித்து ஏறத்தாழ எண்பது இலட்சம் ரூபாவை எடுத்தார்கள் தங்கத்துரை, குட்டிமணி குழுவினர். ரெலோவின் வேர் அங்கே இருக்கிறது. ஒரே வீதி, ஒரே வங்கி, ஒரே செயல். ஒன்று புனித ஆரம்பமாக, மற்றொன்று பாவத்தின் முன்னுரையாக எழுதப்பட்டது. எடுத்தது கொள்ளையா, நிதியா என்பதை எடுத்தவரின் இயக்கமே தீர்மானித்தது. பணத்தின் சொந்தக்காரனுக்கு அதில் சொல்லில்லை.

ரெலோ பெடியள் மீது மக்களுக்கு மனக்குறை இருந்தது உண்மை. களவு, அடாவடி பற்றிய முறைப்பாடுகள் கற்பனையல்ல. ஆனால் முறைப்பாட்டுக்குத் தீர்வு விசாரணை. அப்படியொரு பொறிமுறை அந்த ஆட்சியில் இருந்ததா? இணக்கசபைகளும் வழக்குத் தீர்ப்புகளும் இருந்தன. காணிச் சண்டைக்கும் குடும்பப் பிணக்குக்கும் அவை போதும். இயக்கத்தை விசாரிக்க எதுவும் இல்லை. ‘மண்டையில போடுறது’ என்ற சொல் பேச்சுவழக்கில் சாதாரணமாகிவிட்ட காலம் அது. மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவனின் கழுத்தில் ஒரு மட்டை தொங்கும். அந்த மட்டையே குற்றப்பத்திரம், அதுவே தீர்ப்பு. இதில் கிட்டுவுக்கு முன்னோடிகள் உண்டு, கூட்டாளிகளும் உண்டு. இந்த முறையை ஓர் இயக்கத்தின் தனிச்சொத்தாக எழுதுவது வரலாற்றுக்கு அநியாயம்.

சம்மதம் எவ்வளவு மெலிந்தது என்பதற்கு 1986 நவம்பர் சாட்சி. கிழக்கைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கடத்தப்பட்டபோது மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், ஊர்வலம் போனார்கள், புலிகளிடம் பதில் கேட்டார்கள். பதில் வரவில்லை. அடுத்த மாதம் ஈபிஆர்எல்எவ் மீதான தாக்குதலோடு குடாநாட்டில் பெரிய போட்டி இயக்கம் எதுவும் மிஞ்சவில்லை. ஈரோஸ் ஒதுங்கி நின்று பிழைத்தது. கேள்வி கேட்ட மாணவர்களுக்கும் இனி ஒதுங்கிக்கொள்ள ஓரிடம் இல்லை.

இறைப்பு இயந்திரம் நின்ற மாதம்

1986 இறுதியில் சிவில் நிருவாகத்தைத் தாங்களே ஏற்பதாகப் புலிகள் அறிவித்தார்கள். கொழும்பின் பதில் 1987 ஜனவரியில் வந்தது: எரிபொருள் தடை. இதை அரசின் கூட்டுத் தண்டனை என்று சொல்வது சரி. அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறிவித்தவர்கள் யாருடைய மண்ணெண்ணெயைப் பணயம் வைத்தார்கள்? செம்மண் தோட்டங்களின் இறைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தை மாத வெங்காயத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் வங்கியில் போட ஒன்றும் இருக்காது. நிலாவரைக் கேணியில் தண்ணீர் வற்றுவதில்லை என்பது புத்தூர்க்காரரின் பெருமை. அதைத் தோட்டத்துக்கு ஏற்ற எண்ணெய் வேண்டும்.

ஓர் அரசு இப்படி முடிவெடுத்தால் குறைந்தது அடுத்த தேர்தலில் அதைத் திட்டலாம். பிராந்தியத் தளபதியைத் திட்ட எந்த மேசையும் இல்லை. கிட்டுவின் ஆட்சியைப் பற்றி எனக்கு உள்ள முதன்மையான விமர்சனம் இதுவே. அது கொடூரமானது என்பது மட்டுமல்ல. அது மிகவும் அன்பாக நடந்துகொண்ட நாட்களிலும் பொறுப்புச் சொல்ல வேண்டிய இடம் மக்களிடம் இருக்கவில்லை. பொறுப்பு மேல்நோக்கி, சென்னையில் இருந்த ஒருவரை நோக்கி ஓடியது. புலிகள் எரித்திரிய வழியில் சிதறாமல் போனதற்கும் காரணம் அதுதான். பிராந்தியத்தில் எவ்வளவு புகழ் இருந்தாலும், பதவி பிராந்தியத்துக்குச் சொந்தமாகவில்லை.

1987 மார்ச்

1987 ஜனவரியில் பிரபாகரன் யாழ்ப்பாணம் திரும்பினார். மார்ச் மாத இறுதியில் யாழ்ப்பாண நகரில் கிட்டுவின் வாகனத்தின்மீது கைக்குண்டு வீசப்பட்டது. ஒரு காலை இழந்தார். எறிந்தவர் யார் என்பதற்கு ஒன்றையொன்று வெட்டும் பல கதைகள் உண்டு: எஞ்சிய மாற்று இயக்கத்தவர், உள்வீட்டுப் பகை, தனிப்பட்ட வஞ்சம். ஒவ்வொரு கதையும் சொல்பவரின் பின்னைய அரசியலுக்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. எனவே எதையும் ஆதாரமாக எடுப்பதற்கில்லை.

அதற்கு அடுத்து நடந்ததற்கு ஆதாரம் உண்டு. நல்லூரில் கந்தன் கருணை என்ற வீட்டில் அடைக்கப்பட்டிருந்த மாற்று இயக்கக் கைதிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சுட்டவராகப் பெயர் சொல்லப்படுபவர் அருணா, மூன்று மாதம் முன்பு கைதிப் பரிமாற்றத்தில் மீட்கப்பட்ட அதே அருணா. கைதியாக இருந்து உயிரோடு திரும்பியவர் கைதிகளைக் கொன்றார் என்பதை எந்த நினைவு மலரிலும் காண முடியாது. கிட்டு அன்று மருத்துவப் படுக்கையில் இருந்தார். நேரடிப் பழியை அவர்மீது போட முடியாது. ஆனால் அந்த வீடும், பூட்டும், வழக்கில்லாத சிறையும் அவர் கட்டிய ஆட்சியின் பகுதி.

பிராந்தியம் இல்லாத தளபதி

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ராதா மே 20இல் களத்தில் இறந்தார். ஆறு நாள் கழித்து வடமராட்சி மீதான இராணுவ நடவடிக்கை தொடங்கியது. பின்னர் இந்திய விமானங்கள் போட்ட உணவுப் பொதிகள், யூலை ஒப்பந்தம், இந்தியப் படை. கிட்டு சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போனார். இந்திய அதிகாரிகளோடு பேசும் வேலை அவரிடம் வந்தது. 1988இல் அங்கேயே கைதாகி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். பிரேமதாச அரசோடு புலிகள் பேசிய காலத்தில் கொழும்பு வழியாக லண்டன் சென்று இயக்கத்தின் சர்வதேசச் செயலகத்தை நடத்தினார். காலில்லாதவருக்குக் களமில்லை என்பதால் தூதுவரானார் என்று சொல்வார்கள். வேறு விதமாகவும் பார்க்கலாம். புகழ்பெற்ற தளபதி ஒருவர் ஊரிலிருந்து விலகி, ஊரைப் பற்றிப் பேசுபவராக மட்டும் இருப்பது தலைமைக்குச் சங்கடமில்லாத ஏற்பாடு. இது என் ஊகம்; இதற்கு எழுத்துச் சான்று இல்லை.

1993 ஜனவரியில் அவர் வந்த கப்பலை இந்தியக் கடற்படை வழிமறித்தது. ஜனவரி 16இல் கப்பல் தீப்பிடித்து, அவரும் கூட இருந்த புலி உறுப்பினர்களும் இறந்தார்கள். சமாதான யோசனையோடு வந்தார் என்றது இயக்கம். ஆயுதங்களோடு வந்தார் என்றது இந்தியா. தப்பிய மாலுமிகள் மீதான வழக்கு விசாகப்பட்டினத்தில் நடந்தது. அதே ஆண்டில் மாத்தையா கைதாகி, 1994 இறுதியில் கொல்லப்பட்டார். கப்பல் பயணத்தைக் காட்டிக்கொடுத்தார் என்பதும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. வன்னியின் தளபதியும் யாழ்ப்பாணத்தின் தளபதியும் ஒருவர் மற்றவரின் சாவுக் கணக்கில் எழுதப்பட்டார்கள். பிராந்தியத்தைத் தன் பலமாக வைத்து மையத்தை எதிர்த்து நின்றவர் 2004 மார்ச்சில் கிழக்கில் கருணா ஒருவரே. அடுத்த மாதமே வெருகலில் அது ஆயுதத்தால் தீர்க்கப்பட்டது.

1995 ஒக்டோபரில் ரிவிரெச இராணுவ நடவடிக்கையின் படைகள் பலாலியிலிருந்து அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாக நகரை நோக்கி வந்தன. வலிகாமம் மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் புலிகள் தங்கள் பீரங்கிப் படையணிக்குக் கிட்டுவின் பெயரை வைத்தார்கள்.

நல்லூர் முத்திரைச்சந்தியில் அவர் பெயரில் அமைந்த பூங்கா போரில் அழிந்து, பின்னர் திருத்தப்பட்டு, இன்றும் ஊர் வாயில் கிட்டு பூங்காதான். 2022 ஜனவரி 30இல், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தை எதிர்த்து நல்லூரிலிருந்து புறப்பட்ட தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் ஊர்வலம் அங்கே வந்து முடிந்தது. மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தேர்தலில் வாக்குக் கேட்கும் கட்சி ஒன்று அங்கே பேசியது.